சளியில் கிருமி இல்லை: காசநோய் ஆய்வுகளை ஒரு மருந்துச் சீட்டிலிருந்து வாசித்தல்

1

2018இல் எங்கப்பாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. நுரையீரல் பிரிவுக்கு வெளியே நீளமான வராண்டா. முப்பது மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் வைத்திருந்தார்கள். விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டிவிட்டு அங்கிருந்த பெண் சொன்னார்: "தாத்தா, ஆறு நிமிஷம் உங்களால முடிஞ்ச வேகத்துல நடங்க."

எங்கப்பா எழுந்து நின்று, "எங்கம்மா போவணும்?" என்று கேட்டார்.

"எங்கயும் போக வேணாம் தாத்தா. இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போயிப் போயி வரணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்காடா ரெண்டு பஸ் மாறி வந்தோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு நிமிஷத்தில் 240 மீட்டர். நல்ல உடம்புள்ள ஒருவர், வயதானவராக இருந்தாலும், நானூறு மீட்டருக்கு மேல் போய்விடுவார்.

பிறகு ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். தொழில்: இல்லை. பழைய காசநோய், முழு சிகிச்சை பெற்றவர். சளியில் கிருமி இல்லை. உடல் இயக்கம் குறைவு. மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் தேவை.

இந்த ஐந்து வரிகளைத்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கவிதையை வாசிக்கிறோம், நாவலை வாசிக்கிறோம், அதில் நாம் எங்கே இருக்கிறோம், எங்கே துடைக்கப்பட்டிருக்கிறோம் என்று கேட்கிறோம். மருந்துச் சீட்டை மட்டும் ஏன் வாசிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோம்? நம்முடைய அப்பன் பாட்டனைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட ஒரே எழுத்து பல வீடுகளில் இதுதான்.

2

இலக்கியத்தில் காசநோய்க்கு ஒரு தனி மரியாதை உண்டு. காஃப்கா 1924இல் இந்த நோயில் செத்தார். அதே வருஷம் தாமஸ் மான் சுவிட்சர்லாந்து மலைமேல் ஒரு சானடோரியத்தை வைத்து எழுதிய பெரிய நாவல் வெளிவந்தது. நம்ம புதுமைப்பித்தனையும் 1948இல் இதுதான் கொண்டுபோனது. வெளுத்த முகம், மெலிந்த விரல், சாய்வு நாற்காலி, கம்பளி என்று நோய்க்கே ஓர் அழகு வந்துவிட்டது. இந்த அழகை 1978இல் சூசன் சொண்டாக் தோலுரித்துக் காட்டினார். நோயை உருவகமாக்காதே என்றார். நியாயம்தான். ஆனால் எங்கள் காலனியில் எலும்புருக்கி எந்தக் காலத்திலும் உருவகமாக இருந்ததில்லை. அது ராத்திரி இருமல், காலையில் சாம்பல் போட்டு மூடிய கொட்டாங்குச்சி, தனியாக வைத்த டம்ளர். ஊர்த் தெருவில் எங்களுக்கு ஏற்கெனவே தனி டம்ளர். நோய் வந்தவனுக்குக் காலனிக்குள்ளேயும் ஒரு தனி டம்ளர்.

மருந்து வருவதற்கு முன்னால் ஐரோப்பிய மருத்துவர்களிடையே நீண்ட காலம் ஒரு தகராறு நடந்தது. காசநோயாளி நடக்கணுமா, படுக்கணுமா? ஜெர்மன் மருத்துவர் பிரேமர் 1850களில் தொடங்கிய சானடோரியத்தில் நோயாளிகளை மலைப்பாதையில் நடக்கவைத்தார். அவரிடமே நோயாளியாக இருந்து பின்னால் தனி சானடோரியம் நடத்திய டெட்வைலர், நடக்காதே, திறந்த வராண்டாவில் அசையாமல் படு என்றார். 1905இல் இங்கிலாந்தில் ஃப்ரிம்லி சானடோரியத்துக்கு வந்த மார்க்கஸ் பேட்டர்சன் இன்னொரு வழி கண்டுபிடித்தார். அவரிடம் வந்தவர்களில் உழைக்கிற ஜனங்கள் அதிகம். முதலில் நடை, மைல் கணக்கில். அப்புறம் மண்கூடை சுமப்பது. அப்புறம் சின்ன மண்வாரி, பெரிய மண்வாரி, கடைசியில் கடப்பாறை போன்ற கனமான கருவி. 'படிப்படியான உழைப்பு' என்று அதற்குப் பெயர். காய்ச்சல் ஏறினால் உடனே நிறுத்திப் படுக்கவைத்துவிடுவார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கப்பா சுமந்ததும் மண்கூடைதான், பிடித்ததும் கடப்பாறைதான். ஆனால் அங்கே வேளைக்குச் சாப்பாடு இருந்தது, காய்ச்சல் பார்க்க ஆள் இருந்தது, நிறுத்து என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. அதனால் அது சிகிச்சை. கீழ்பென்னாத்தூரில் அதே கூடைக்குப் பெயர் கூலி வேலை.

நம் பக்கத்திலும் சானடோரியம் இருந்தது. மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் 1915இல் வந்தது. தாம்பரத்தில் சௌரி முத்து என்ற மருத்துவர் 1928இல் தொடங்கினார். படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகள் லட்சக்கணக்கில். படுப்பதா நடப்பதா என்ற கேள்வி எங்கள் ஜனங்களிடம் வந்து சேரவே இல்லை.

3

மருந்து வந்த பிறகு அந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னைதான். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமை. இன்றைக்குச் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுதான்.

அவர்கள் செய்தது எளிமையான காரியம். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம். இன்னொரு பாதிக்கு அவரவர் வீடு. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்றோட்டம். வீட்டில் நெருக்கடி, அரை வயிறு, வேலை. 1959இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருஷத்தில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டிலேயே இருந்ததால் கூட இருக்கிற குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் நோய் அதிகமாகத் தொற்றிவிடவில்லை என்பதும் பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது.

இதை நான் குறைத்துப் பேச வரவில்லை. இந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால், படுக்கை கிடைத்தவன் பிழைப்பான், கிடைக்காதவன் சாவான் என்றே இருந்திருக்கும். படுக்கை யாருக்குக் கிடைத்திருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கப்பா பிழைத்தது சென்னையின் குப்பத்திலும் சந்திலும் மாத்திரை விழுங்கிய அந்த முகம் தெரியாத மனுஷர்களால்தான். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

என் சண்டை ஆய்வு சொன்னதோடு இல்லை. அதை வைத்துப் பின்னால் செய்துகொண்டதோடு. 1961இல் அதே மையம் உணவைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது. பலமான மருந்தை ஒரு வருஷம் கொடுத்தால், நோய் அடங்குவதற்குச் சாப்பாட்டின் அளவோ தரமோ முக்கியமாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. அதன் சொற்களைக் கவனித்து வாசியுங்கள். 'நோய் அடங்குவதற்கு' என்றுதான் இருக்கிறது. அதாவது சளியில் கிருமி இல்லாமல் போவதற்கு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாக ஏறியது, வீட்டில் இருந்தவர்களுக்கு அவ்வளவு ஏறவில்லை என்பதையும் அந்த மையமே அளந்து வைத்திருந்தது. ஆனால் கேள்வி கிருமியைப் பற்றியது. எடை அந்தக் கேள்விக்குள் வரவில்லை. மறுபடி கடப்பாறை பிடிக்க முடிகிறதா என்பதும் வரவில்லை. பசித்த வீட்டில் அடுத்து யாருக்கு நோய் வரும் என்பதும் வரவில்லை.

ஆய்வு ஒரு வரையறைக்குள் சொன்னதை ஆட்சி வரையறையை வெட்டிவிட்டு எடுத்துக்கொண்டது. மாத்திரை போதும், சாப்பாடு தேவையில்லை, ஓய்வு தேவையில்லை. ஏழைகளின் நோய்க்கு இதைவிடச் சௌகரியமான முடிவு கிடைக்குமா? 1962இல் தொடங்கிய தேசியத் திட்டத்திலும் மாத்திரை இருந்தது, சோறு இல்லை. 1997இல் வந்த டாட்ஸ் முறையில் மாத்திரையை ஆள் பார்க்க விழுங்க வேண்டும் என்றார்கள். விழுங்குகிறானா என்று பார்க்க ஆள் போட்டார்கள். சாப்பிட்டானா என்று பார்க்க யாரையும் போடவில்லை.

4

எங்கப்பாவுக்கு நோய் கண்டது 1986. அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டமாகவில்லை, வட ஆர்க்காட்டில் இருந்தது. அவருக்கு வயது முப்பத்தைந்து. மல்லாட்டை சீசனில் நிலத்து வேலை, கரும்பு வெட்டுகிற காலத்தில் கரும்பு வெட்டு, மற்ற நாளெல்லாம் கிணற்று வேலை. எங்கள் பக்கம் பூமிக்குக் கீழே கொஞ்சம் போனாலே பாறை. உளியும் சம்மட்டியும் வைத்துக் குழி போடணும், வேட்டு வைக்கணும், புகை அடங்கும் முன்னே இறங்கிக் கல்லைக் கூடையில் வாரணும். அவர் சொன்னதை அவர் வாயாலேயே சொல்கிறேன்:

"ஊசி போட்டுக்கினு நேரா கெணத்துக்குப் போயிடுவேன். ஒடம்பு சொன்னா கேட்டாதான? ரெண்டு மாசத்துல இருமல் நின்னுட்ச்சி. டாக்டரு சளிய பாத்துட்டு, ஒண்ணும் இல்ல, சரியாப்போச்சின்னாரு. நானும் சரியாப்போச்சின்னு நெனச்சேன். ஆனா கெணத்துப் படி ஏறச் சொல்லோ நெஞ்சு புடிச்சிக்கும். மேஸ்திரிகிட்ட சொன்னா நடிக்கிறான்னுவான்."

அந்த நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை இன்றைய நோய் உயிரியல் சொல்கிறது. கிருமி நுரையீரலுக்குள் போனதும், அந்நியப் பொருளை விழுங்குகிற வெள்ளணுக்கள் அதை விழுங்குகின்றன. கொல்ல முடியாமல் உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. மற்ற அணுக்கள் வந்து சுற்றி வேலி கட்டுகின்றன. வேலி நிற்கிறவரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பலருக்கு ஆயுசு முழுக்க நிற்கும். ஆனால் அரை வயிற்று உடம்பில் வேலி கட்டுகிற அணுக்கள் தளர்ந்துபோகின்றன. பாறையிலிருந்து வருகிற சிலிக்கா தூசு, விழுங்க வந்த வெள்ளணுவையே சாகடிக்கிறது. வேலி சரிந்ததும் நடக்கிற சண்டையில் உடம்பு சுரக்கிற நொதிகளே நுரையீரலின் நார்ச்சட்டத்தைக் கரைத்துப் பொந்து போடுகின்றன. மருந்து கிருமியைக் கொல்லும். பொந்து இருந்த இடம் தழும்பாகி இறுகும், மூச்சுக் குழாய் கோணும், விரியும். சளியில் கிருமி இல்லை. மூச்சும் இல்லை.

இதற்கு மருத்துவ உலகம் ஒரு பெயர் வைத்து ஒன்றுகூடிப் பேசிய முதல் சர்வதேசக் கூட்டம் தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்பாஷில் 2019இல் நடந்தது. காசநோய்க்குப் பிந்தைய நுரையீரல் நோய் என்றார்கள். கோக் கிருமியைக் கண்டுபிடித்தது 1882இல். குணமான மனுஷன் ஏன் மூச்சு வாங்குகிறான் என்று கூடி உட்கார்ந்து கேட்பதற்கு 137 வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் அதற்கு வேறொரு பெயர் இருந்தது. சோம்பேறி. மேஸ்திரி சொன்னான், நிலத்துக்காரர் சொன்னார். 1990இல் எனக்குப் பதினாறு வயது. மல்லாட்டை பிடுங்குகிற நேரம். அம்மா தனியாக வேலைக்குப் போய்விட்டு இருட்டில் வருகிறாள், இவர் வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டிருக்கிறார். நானும் சொன்னேன்: "வேல செய்ய ஒடம்பு வணங்கல ஒனக்கு." அம்மா என்னை அறைந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவருடைய ஆஸ்பத்திரி அட்டையில் 'சிகிச்சை முடிந்தது' என்று இருந்ததை நான் படித்திருந்தேன். படிப்பு எனக்குக் கொடுத்த தைரியம் அது. எழுதப்பட்டதை நம்பினேன், எங்கப்பாவை நம்பவில்லை.

5

சாப்பாட்டுக்கு வருகிறேன். 2019இல் ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவர்கள் நடத்தியது. சென்னை நிறுவனமும் அதில் சேர்ந்திருந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் குடும்பத்தார் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் ஆறு மாதம் அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய். குடும்பத்தாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரையும். 2023இல் முடிவு வந்தது. அரிசி பருப்பு கிடைத்த குடும்பத்தாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி காட்டுகிற தொற்று வகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் சாவும் குறைவு.

துவரம்பருப்பு நோயைத் தடுக்கும் என்று சொல்ல ஆதிவாசி கிராமங்களில் இவ்வளவு பெரிய சோதனை வேண்டுமா என்று கோபம் வரத்தான் செய்கிறது. எங்க ஆயா சொல்லும்: "கஞ்சி இருந்தா காய்ச்ச வராது." ஆனால் ஆயா சொன்னதைக் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீசில் வைக்க முடியாது. 39 சதவீதத்தை வைக்க முடியும். 1961இன் வாக்கியத்தை வைத்து அறுபது வருஷம் நமக்குச் சோறு மறுத்தவர்களுக்கு எதிராக நம் கையில் இப்போது ஓர் எண் இருக்கிறது. விஞ்ஞானம் வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதில்தான் சங்கதி.

தமிழ்நாட்டிலேயே அதற்கு உதாரணம் உண்டு. 2022இல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. நோய் கண்டதும் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்கள். எடை மிக மோசமாகக் குறைந்திருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வேகமாக ஓடுகிறதா, ஆக்சிஜன் குறைவா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? மோசமானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிக்கிறார்கள். 1959இல் படுக்கை வேண்டாம் என்று சொன்ன அதே நாட்டில், சிலருக்குப் படுக்கையும் சாப்பாடும்தான் உயிர் என்று சொல்ல வேண்டிவந்திருக்கிறது. பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்ற கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. அது கிருமியைக் கேட்கிற கேள்வி இல்லை, ஆளைக் கேட்கிற கேள்வி.

ஆனாலும் ஒன்று மாறவில்லை. 2018 முதல் மத்திய அரசு நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000. சிகிச்சை நடக்கிறவரைதான் இந்தப் பணம். மாத்திரை முடிந்தால் பணமும் முடிந்தது. தழும்பு முடிவதில்லை. கூலி வேலைக்குப் போக முடியாத உடம்பும் முடிவதில்லை.

6

சீட்டின் கடைசி வரிக்கு வருகிறேன். நடைப்பயிற்சி தேவை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். பக்திக்குப் பக்தி, உடம்புக்கும் நல்லது என்கிறார்கள். விடிந்ததும் அந்தப் பாதையில் அவர்கள் போட்ட குப்பையைக் கூட்டிக்கொண்டே அதே 14 கிலோமீட்டர் போகிறவர்களின் நடையை யாரும் உடம்புக்கு நல்லது என்று சொல்வதில்லை. ஓய்வு உள்ளவன் நடந்தால் பயிற்சி, ஓய்வில்லாதவன் நடந்தால் வேலை.

அதற்காக அந்தப் பயிற்சியைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எங்கப்பா செய்தார். அந்தப் பெண் உதட்டைக் குவித்து மெல்ல ஊதக் கற்றுக்கொடுத்தார். உட்கார்ந்து எழுந்திருக்க, கை தூக்க, தினமும் கொஞ்சம் கூடுதலாக நடக்கச் சொன்னார். தழும்பான நுரையீரல் திரும்ப வராது, ஆனால் கால் தசையும் கைத் தசையும் பலப்பட்டால் இருக்கிற மூச்சைக் குறைவாகச் செலவழித்து வேலை செய்யும் என்று விளக்கினார். இரண்டு மாதம் கழித்து அதே வராண்டாவில் 290 மீட்டர் நடந்தார். "மூச்சி கொஞ்சம் நெலையா நிக்குது" என்றார். 1986இலேயே யாராவது இதைச் சொல்லிக்கொடுத்து, ஆறு மாதம் கிணற்றில் இறங்காமல் இருக்க வீட்டுக்கு அரிசியும் கொடுத்திருந்தால்? முப்பத்திரண்டு வருஷம் தாமதமாக வந்தது என்பதுதான் என் குற்றச்சாட்டு. கிருமிக்கு ஆய்வு வந்தது, மருந்துக்கு ஆய்வு வந்தது, உழைத்த உடம்பை மறுபடி எழுப்புவதற்குக் கடைசியில்தான் வந்தது.

அந்த இரண்டாவது தடவை நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "அம்மா, முதல் சீட்டுல தொழில் இல்லைன்னு போட்டிருக்கு. அதைத் திருத்த முடியுமா?" அவர் சங்கடப்படவில்லை. "என்ன தாத்தா வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். எங்கப்பா சொல்லச் சொல்ல எழுதினார். கெணறு வெட்றது, கல்லு சொமக்கறது, கரும்பு வெட்றது, மல்லாட்டை புடுங்கறது. கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார். பிறகு, கிணற்று வேலை எத்தனை வருஷம் என்று அவராகவே கேட்டு அதையும் குறித்தார். கல் தூசு பற்றி ஒரு டாக்டர் எங்கப்பாவிடம் விசாரித்தது அதன் பிறகுதான்.

2021இல் எங்கப்பா போய்விட்டார். 1986இன் அட்டையும் 2018இன் இரண்டு சீட்டுகளும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும். எடுத்து வாசியுங்கள். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இல்லை என்று இருந்தால், அவர் என்ன வேலை செய்தார் என்று எழுதுங்கள், எழுதி அனுப்புங்கள்.